ஏழு பேரில் ஒருவர் வெளியே இருக்கும்போது

கபடியில் அவுட் ஆனவர் ஆடுகளத்தை விட்டு வெளியே போய் உட்கார வேண்டும். எதிரணியில் ஒருவரை எடுத்தால் இங்கே ஒருவருக்கு உயிர் வரும். அதிலும் முறை உண்டு. முதலில் வெளியே போனவர்தான் முதலில் உள்ளே வருவார். போனஸ் புள்ளி எடுத்தால் யாருக்கும் உயிர் கிடையாது. கிரிக்கெட்டில் அவுட்டான பேட்ஸ்மேன் அந்த இன்னிங்ஸில் திரும்ப வரப்போவதில்லை. கால்பந்தில் மாற்றாமல் விட்டால் 90 நிமிடமும் ஆட்டக்காரர் களத்திலேயே இருப்பார். கபடியில்தான் அணியின் தலைசிறந்த ஆட்டக்காரர் போவதும் வருவதுமாக இருக்கிறார். போனவரைத் திரும்ப உள்ளே கொண்டுவருவது மிச்சமிருப்பவர்களின் பொறுப்பு.

நட்சத்திரங்களை மட்டும் சேர்த்து ஓர் அணி அமைக்கும் ஆசை பற்றி எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் இந்த ஒரு விதிக்குள் அடங்கிவிடும். ஓர் அணியின் பலம் அதன் சிறந்த ஆட்டக்காரர் உள்ளே இருக்கும்போது தெரிவதில்லை. அவர் வெளியே உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு, மூன்று நிமிடங்களில்தான் தெரிகிறது. அணி பொறுக்குகிறவர் அந்த நிமிடங்களுக்காகத்தான் பொறுக்க வேண்டும்.

நான் பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் பையன்களுக்குக் கபடி சொல்லிக்கொடுப்பவன். பின்னி மில், மினர்வா மில், ராஜா மில் என்று இந்தப் பக்கத்து மில்களை நம்பி வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பலர் என்னிடம் ஆடுகிறார்கள். மில்கள் மூடிப் போயின. குடும்பங்கள் இங்கேயே தங்கிவிட்டன. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், தெருவில் தெலுங்கும் உருதுவும் என்று வளர்கிற பிள்ளைகள். ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, கப்பன் பார்க்கில் இறங்கினால் கண்டீரவா உள்விளையாட்டு அரங்கம் நடக்கிற தூரம்தான். புரோ கபடி லீக் ஆட்டத்தை அங்கே நேரில் பார்த்துவிட்டு வந்த பையன்கள் மறுநாள் பயிற்சிக்கு வந்ததும் கேட்டது ஒரே கேள்விதான்.

“மாஸ்டர், ஒவ்வொரு ஏரியாலயும் யாரு பெஸ்ட்டோ அவங்களை மட்டும் எடுத்து ஒரு டீம் போட்டா, நம்மள யாரு அடிக்க முடியும்?”

நியாயமான கேள்வி. சின்ன வயதில் எல்லோருக்கும் வருகிற கனவு. மின்னொளி கபடிப் போட்டிகளில் அந்தக் கனவை நிஜமாகவே இறக்கிப் பார்க்கிறார்கள். பணம் போடுகிறவர் ஒருவர் கிடைத்துவிட்டால் போதும். இந்த ஊரில் ஒரு ரைடர், அந்த ஊரில் ஒரு கார்னர், மூன்றாவது ஊரில் ஓர் ஆல்ரவுண்டர் என்று கெஸ்ட் பிளேயர்களைக் கூட்டி, ஒரே நிற ஜெர்சி மாட்டி, ஒரே பெயரில் களம் இறக்கிவிடுவார்கள். மைக்கில் பெயர் படிக்கும்போதே கூட்டம் எழுந்துவிடும். முதல் சுற்றில் அந்த அணி பெரும்பாலும் ஜெயிக்கும். கால் இறுதி, அரை இறுதி என்று ஆட்டம் இறுகும்போதுதான், தினமும் சாயங்காலம் ஒன்றாக ஆடிப் பழகிய ஏதோ ஒரு சின்ன ஊர் அணி அவர்களைத் திணறடிக்கும். பார்க்கிறவர்கள் அதிர்ஷ்டம் என்பார்கள். எனக்கு அதில் அதிர்ஷ்டம் எதுவும் தெரியவில்லை. கைகள்தான் தெரிகின்றன.

கைகள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், கபடியின் பிடி ஆட்டம் முழுவதும் கையில் இருக்கிறது. ஆண்கள் ஆடும் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஓர் அணிக்கு அதில் பாதி. அந்தப் பாதியில் ஏழு பேர் நிற்கும் முறையைச் சொல்கிறேன். இரண்டு ஓரத்திலும் கார்னர். அவர்களை ஒட்டி உள்பக்கம் ‘இன்’. அதற்கும் உள்ளே இரண்டு கவர். நடுவில் சென்டர். எதிரணி ரைடர் பாடிக்கொண்டு ஏறும்போது கார்னரும் ‘இன்’ ஆட்டக்காரரும் கைகோத்து ஒரு செயின் ஆகிறார்கள். இன்னில் நிற்பவர் பெரும்பாலும் நம் அணியின் ரைடர். இதுதான் முக்கியம். மூச்சைப் பிடித்துப் பாடிப் போய்ப் புள்ளி எடுத்து வந்த நட்சத்திரம், திரும்பி வந்ததும் அடுத்த 30 நொடிக்குப் பிடி ஆட்டக்காரராக மாற வேண்டும். ஒரு கையைக் கார்னரிடம் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும்.

அந்தக் கையைப் பாருங்கள். நான் ஓர் ஆட்டக்காரரை முதல் தடவை பார்க்கும்போது பார்ப்பது அதைத்தான். விரல்கள் கார்னரின் மணிக்கட்டைச் சுற்றி நிற்கின்றனவா, வெறுமனே உள்ளங்கையில் கிடக்கின்றனவா? முழங்கை சற்று மடங்கி ஸ்பிரிங் போல இருக்கிறதா, நீட்டித் தொங்குகிறதா? கார்னர் அரை அடி பின்னே நகர்ந்தால் இவரும் அதே கணம் நகர்கிறாரா, இழுக்கப்பட்ட பிறகு நகர்கிறாரா? எதிரணி ரைடர் போனஸ் கோட்டுக்குக் கால் நீட்டுகிற நேரத்தில்தான் கார்னர் கணுக்காலுக்குப் பாய்வார். அந்த இமைப்பொழுதில் இன்னில் நிற்பவர் கையை விட வேண்டும். முன்னாலேயே விட்டால் நடுவில் வழி திறந்துவிடும். ரைடர் அதில் நழுவிப் போய்விடுவார். தாமதித்து விட்டால் பாய்கிற கார்னரின் தோளை இவரே பின்னால் இழுத்துப் பிடித்ததாக ஆகும். பாய்ச்சலில் பாதி பலம் போய்விடும். சரியான கணத்தில் விட்டு, கார்னர் காலைப் பிடித்ததும் இவர் இடுப்புக்குப் போக வேண்டும். கவர் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து மோதி நடுக்கோட்டுக்கான வழியை அடைக்க வேண்டும். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்க நேரமில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் எங்கே இருப்பார் என்று தெரிந்து போகிறார்கள்.

எப்போது கையை விடுவது என்பதைச் சொல்லித்தர எனக்குத் தெரிந்த ஒரே வழி, அதே இரண்டு பேரைத் திரும்பத் திரும்ப ஒன்றாக நிறுத்துவதுதான். ஒரு கார்னர் பாய்வதற்கு முன் மூச்சை இழுப்பார். இன்னொருவருக்கு இடது குதிகால் முதலில் எழும். இன்னும் ஒருவர் எந்த அடையாளமும் காட்டாமல் பாய்வார். பக்கத்தில் நிற்பவரின் மணிக்கட்டுக்கு மட்டும் அது தெரியும். வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் வந்து இறங்கி, சனிக்கிழமை சாயங்காலம் ஜெர்சி போடுகிற கெஸ்ட் பிளேயருக்கு இது எப்படித் தெரியும்? அவர் திறமைசாலியாக இருக்கலாம், நல்ல மனிதராகவும் இருக்கலாம். அவர் கைக்கு இந்தக் கை புதிது.

இன்னொரு விஷயம். பிடி வெற்றி பெற்றால் அணிக்கு ஒரு புள்ளி. ஸ்கோர் ஷீட்டில் அது பிடியைத் தொடங்கிய ஒருவர் பெயரில் ஏறும். சரியான கணத்தில் கையை விட்டவருக்கு ஒன்றும் இல்லை. வழியை அடைத்த கவருக்கும் ஒன்றும் இல்லை. நட்சத்திரங்களை நாம் தேர்ந்தெடுப்பது அந்த ஷீட்டைப் பார்த்துத்தான். பெயர் ஏறியவர்களை மட்டும் பொறுக்கி ஓர் அணி ஆக்கினால், பெயர் ஏறாத வேலையைச் செய்ய அங்கே ஆளே இருக்காது. ஐந்து விரலும் கட்டை விரலாக இருந்தால் கையால் எதையும் பிடிக்க முடியாது.

இது ஏதோ தெருப் போட்டி அனுபவத்தை வைத்துச் சொல்வது என்று நினைக்க வேண்டாம். புரோ கபடியின் ஏழாவது சீசன், 2019. தமிழ் தலைவாஸ் அணியின் பட்டியலைப் படித்தபோது எங்கள் பையன்கள் கைதட்டினார்கள். 2016 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஈரானை வீழ்த்த முன்னின்ற அஜய் தாக்கூர் கேப்டன். ஏலத்தில் 94 லட்சம் ரூபாய்க்கு எடுத்த ராகுல் சௌத்ரி ரைடர். பிடி ஆட்டத்தின் பெரும் பெயர்களில் ஒன்றான மஞ்ஜீத் சில்லர். கூடவே மோகித் சில்லர், ரண் சிங், ஷபீர் பாப்பு. கபடி தெரிந்த யாரிடம் கேட்டாலும் அந்தப் பெயர்களை அடுக்குவார்கள். அந்த அணி 12 அணிகளில் 12-ஆவதாக முடித்தது. பயிற்சியாளர் பாதி சீசனில் விலகி இன்னொருவர் வந்தார்.

அந்த ஆட்டக்காரர்களில் ஒருவரையும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் ஆட்டத்தைப் பார்த்துக் கற்றவன் நான். அந்த சீசனில் என் கண்ணில் பட்டது ஒன்றுதான். முதன்மை ரைடர் வெளியே போய் உட்கார்ந்தால் அவரை மீட்பதற்கு இன்னொரு முதன்மை ரைடரைத்தான் அணி நம்பியது. அவரும் பிடிபட்டால் களத்தில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் தத்தம் பழைய அணிகளில் கடைசி ஆளாக நின்று ஆட்டத்தைக் காப்பாற்றிப் பழகியவர்கள். இன்னொருவரைக் காப்பாற்றுவதற்காக நிற்கும் வேலை அவர்களிடம் யாரும் கேட்டதில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2022 அக்டோபரில், அதே அணி எங்கள் ஊர் கண்டீரவா அரங்கில் ஒன்பதாவது சீசனைத் தொடங்கியது. இந்த முறை பட்டியலில் ஒரே ஒரு பெரும் நட்சத்திரம். 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு வந்த பவன் செராவத். பெங்களூரு புல்ஸ் அணிக்காக ஆடி இந்த ஊரின் செல்லப் பிள்ளையாகவே ஆகிவிட்டவர். குஜராத் அணியோடு முதல் ஆட்டம். ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே, எதிரணி ரைடர் ஒருவரைப் பிடிக்கப் போன பவனுக்கு முழங்காலில் அடி. தூக்கிக்கொண்டு போனார்கள். சீசன் முழுவதும் அவர் திரும்ப வரவில்லை. கோடிகளைக் கொட்டி அமைத்த அணியின் நடுத்தூண் முதல் நாளே சாய்ந்துவிட்டது.

அதற்கு முன் எந்த சீசனிலும் பிளே-ஆஃப் பக்கம் எட்டிப்பார்க்காத தமிழ் தலைவாஸ், அந்த சீசனில்தான் அரை இறுதிக்குப் போனது. புரோ கபடியில் முதல் சீசன் ஆடிய நரேந்தர் முதன்மை ரைடராக எழுந்தார். அஜிங்க்யா பவார் அவருக்குத் துணை நின்றார். சாகர், சாஹில் குலியா என்ற இரண்டு இளம் கார்னர்கள் இரண்டு ஓரத்தையும் எடுத்துக்கொண்டார்கள். நடுவில் கவராகத் தமிழ்நாட்டுப் பையன் எம். அபிஷேக். சீசன் நடுவே பொறுப்பேற்ற பயிற்சியாளர் ஆஷன் குமார் அந்த இளம் கூட்டத்தை ஒன்றாகக் கட்டினார். எலிமினேட்டரில் உ.பி. யோதாஸ் அணியோடு 36-36 என்று சமன் ஆகி, டை-பிரேக்கரில் 6-4 என்று ஜெயித்தார்கள். அரை இறுதியில் புனேரி பல்டன் அணியிடம் 39-37. இரண்டே புள்ளியில் தோற்றார்கள்.

அந்த சீசனை நான் பாடமாகவே நடத்துகிறேன். பவன் இல்லாததால் அந்த அணி நன்றாக ஆடியது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் இருந்திருந்தால் அந்த இரண்டு புள்ளியும் கிடைத்திருக்கலாம். ஆனால் நட்சத்திரம் வெளியே இருக்கும் நிமிடங்களை ஆடக் கற்பது எந்த அணிக்கும் தேவை. இவர்களுக்கு அந்தப் பாடம் சீசனின் முதல் நாளிலேயே ஆரம்பித்து கடைசி நாள்வரை நீண்டது. யாராவது வந்து மீட்பார்கள் என்று காத்திருக்க வழியில்லாமல், ஒருவரை ஒருவர் மீட்கக் கற்றுக்கொண்டார்கள்.

அடுத்த சீசனில் பவன் தெலுங்கு டைட்டன்ஸுக்குப் போனார். விலை 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். அப்போது அதுதான் உச்சம். டைட்டன்ஸ் 22 ஆட்டத்தில் இரண்டே வெற்றியோடு கடைசி இடத்தில் முடித்தது. ஒரு ரைடர் எத்தனை உயரம் போனாலும் அவருக்கு உயிர் கொடுப்பவர் அடுத்தவர்தான்.

இதைவிடப் பெரிய அடி நாட்டுக்கே விழுந்தது. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி சேர்ந்ததிலிருந்து 2014 வரை ஏழு தங்கத்தையும் ஆண்கள் பிரிவில் இந்தியாவே வென்றது. 2018 ஜகார்த்தாவுக்குப் போன அணியைப் பார்த்தால் புரோ கபடியின் விளம்பரப் பலகையே களம் இறங்கியது போலிருக்கும். அஜய் தாக்கூர், பர்தீப் நர்வால், ராகுல் சௌத்ரி, ரோகித் குமார், ரிஷாங்க் தேவாடிகா, மோனு கோயத், தீபக் ஹூடா. கவனித்துப் பாருங்கள், எல்லாம் பாடிப் போகிறவர்கள். புள்ளிக் கணக்கு அவர்களைத்தான் மேலே காட்டியது, தேர்வும் அவர்கள் பக்கம் சாய்ந்தது. முதல் சுற்றில் தென் கொரியாவிடம் 23-24. அரை இறுதியில் ஈரானிடம் 18-27. ஈரான் அணியில் ஃபசல் அத்ராச்சலி, அபோசர் மிகானி போன்றவர்கள் நம் புரோ கபடியிலேயே ஆடி நம் ரைடர்களை உள்ளங்கை ரேகை போலத் தெரிந்து வைத்திருந்தவர்கள். அன்று அவர்கள் பிடி ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருவர் தொட்ட மாத்திரத்தில் மற்ற மூவர் அங்கே இருந்தார்கள். 18 புள்ளிக்கு மேல் எடுக்க நம் நட்சத்திரங்களுக்கு வழி கிடைக்கவில்லை.

மற்ற ஆட்டங்களிலும் இந்தக் கதை உண்டு. 2005 அக்டோபரில் ஆஸ்திரேலியாவை எதிர்த்து உலக லெவன் என்று ஓர் அணியை ஐ.சி.சி. அமைத்தது. திராவிட், சேவாக், லாரா, காலிஸ், இன்சமாம், பிளின்டாஃப், முரளிதரன். கிரிக்கெட் பைத்தியங்கள் கனவில் எழுதும் பட்டியல். மூன்று ஒருநாள் ஆட்டத்திலும் தோல்வி. சிட்னி டெஸ்டில் 210 ரன் வித்தியாசத்தில் தோல்வி. பெங்களூரில் இருக்கிறவர்களுக்கு அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். 2016 ஐ.பி.எல்.-இல் பெங்களூரு அணிக்காக விராட் கோலி ஒரே சீசனில் 973 ரன் எடுத்தார். அந்த அணியில் கெயில், டிவில்லியர்ஸ், வாட்சன், கே.எல். ராகுல் எல்லோரும் இருந்தார்கள். சின்னசாமி மைதானத்தில் இறுதிப் போட்டியில் 209 ரன் துரத்தி எட்டு ரன்னில் தோற்றார்கள். கோப்பை வந்தது 2025 ஜூன் 3-ஆம் தேதி. அன்று பெங்களூரு அணியில் ஒருவர்கூட அரை சதம் அடிக்கவில்லை. அதிகபட்சம் கோலியின் 43. குருணால் பாண்டியா நான்கு ஓவரில் 17 ரன் மட்டும் கொடுத்து இரண்டு விக்கெட் எடுத்து ஆட்டத்தைத் திருப்பினார். அந்த சீசனில் ஆட்ட நாயகன் விருதை ஒன்பது வெவ்வேறு பேர் வாங்கினார்கள். மறுநாள் மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 உயிர் போனதை நினைத்தால், அந்த வெற்றியைப் பற்றிப் பேசும்போது இன்றும் நெஞ்சு கனக்கிறது. ஆட்டம் சொன்ன பாடத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் தோளில் ஏறியிருந்த அணி பலர் தோளுக்கு இறங்கியபோது கோப்பை வந்தது.

அப்படியானால் நட்சத்திரமே வேண்டாமா? வேண்டும். நட்சத்திரம் இல்லாத அணியும் ஓர் எல்லையில் நின்றுவிடும். 2019 ஜனவரி 5, மும்பை, ஆறாவது சீசன் இறுதிப் போட்டி. இடைவேளையில் குஜராத்திடம் பின்தங்கி நின்ற பெங்களூரு புல்ஸ் 38-33 என்று வென்றது. அதில் பவன் செராவத் ஒருவரே 22 புள்ளி. அன்றிரவு எங்கள் தெருவில் வெடித்த பட்டாசு எனக்கு நினைவிருக்கிறது. பையன்கள் 22-ஐப் பார்த்தார்கள். நான் பார்த்தது வேறு. ஒரு ரைடர் 40 நிமிடத்தில் 22 புள்ளி எடுக்க வேண்டுமென்றால் அவர் களத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவை பிடிபட்டபோதும் யாரோ ஒருவர் அவரைச் சீக்கிரம் மீட்டிருக்க வேண்டும். அதே பவன் அதற்கு முந்தைய சீசனில் குஜராத் அணியில் பெரும்பாலும் மாற்று ஆளாக உட்கார்ந்திருந்தவர். ஆள் மாறவில்லை. அவரைச் சுற்றி நின்றவர்கள் மாறினார்கள்.

மீட்கத் தெரிந்த நட்சத்திரம் என்றால் எனக்குத் தஞ்சை மாவட்டத்துத் திருச்சனம்பூண்டியிலிருந்து வந்த தர்மராஜ் சேரலாதன்தான். 2016-இல் பாட்னா பைரேட்ஸ் அணி நான்காவது சீசனை வென்றபோது கேப்டன் அவர். வயது 41. இந்தி பேசும் இளைஞர்கள் நிறைந்த அந்த அணியில் அவரை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிட்டார்கள். வெளியே பெயர் எடுத்தது இருபதுகூட நிரம்பாத பர்தீப் நர்வால். உள்ளே கார்னரில் நின்று, யார் எப்போது பாய வேண்டும், யார் பொறுக்க வேண்டும் என்று கண்ணாலேயே நடத்தியவர் சேரலாதன். அணியில் ஓர் அண்ணன் இருந்தால் நான்கு தம்பிகளின் ஆட்டம் உயரும். எனக்கு இது கண்கூடு.

தமிழ் சினிமாவும் இதே பாடத்தைச் சொல்கிறது. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படம் 1954-இல் டி.ஆர். ராமண்ணா எடுத்த ‘கூண்டுக்கிளி’. இரண்டு சிகரங்கள் ஒரே சட்டத்துக்குள். படம் ஓடவில்லை. 1965-இல் ஏ.பி. நாகராஜன் ‘திருவிளையாடல்’ எடுத்தார். சிவாஜி, சாவித்திரி, முத்துராமன், கே.பி. சுந்தராம்பாள், டி.ஆர். மகாலிங்கம், டி.எஸ். பாலையா, நாகேஷ். அங்கே நட்சத்திரங்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் கதையைத் தனித்தனிப் படலமாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் களத்தைக் கொடுத்தார் இயக்குநர். ஹேமநாத பாகவதராகப் பாலையா சபையை நிரப்பும் படலத்தில் சிவாஜி விறகுவெட்டியாக ஒதுங்கி நிற்பார். தருமி புலம்பும்போது திரை முழுக்க நாகேஷுக்குத்தான். சிவபெருமானே தருமியைக் கேள்வி கேட்க விட்டு ஒதுங்கி நிற்கிறார். கதாநாயகன் விட்டுக்கொடுத்த நிமிடங்களால்தான் அந்தப் படத்தை இன்றும் பேசுகிறோம். பெரிய நடிகர்கள் பலரைக் கூட்டுவது தயாரிப்பாளரின் சாமர்த்தியம். யார் எப்போது ஒதுங்கி நிற்பது என்று முடிவு செய்வது கலை.

எங்கள் களத்தில் அந்தக் கலையை நான் எப்படிச் செய்கிறேன் என்று இளைய பயிற்சியாளர்கள் கேட்பதுண்டு. என்னிடம் ரகசியம் எதுவும் இல்லை. சில பழக்கங்கள் இருக்கின்றன.

தேர்வு நாளில் யார் அதிகப் புள்ளி எடுக்கிறார்கள் என்று பார்ப்பதோடு, ரைடு முடித்து வந்த பையன் என்ன செய்கிறான் என்றும் பார்ப்பேன். கூட்டத்தைத் திரும்பிப் பார்க்கிறானா, உடனே கார்னரின் கையைத் தேடுகிறானா? கையைத் தேடுகிறவனுக்கு என் அணியில் இடம் நிச்சயம். புள்ளி சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை.

பிடிபட்டு வெளியே வந்தவன் எங்கே உட்கார்கிறான் என்று பார்ப்பேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்க்கிறவனுக்கு இன்னும் பக்குவம் வேண்டும். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் குந்தி, எதிரணி ரைடரின் காலைப் பார்த்து, “இடது கால் நீட்றான், கார்னர் பாத்துக்கோ” என்று உள்ளே குரல் கொடுக்கிறவன் வெளியே இருந்தும் ஆடிக்கொண்டிருக்கிறான். என் பையன்கள் கன்னடத்திலும் தமிழிலும் கலந்து கத்துவார்கள். எதில் கத்தினாலும் சரி, கத்துகிற சொல் ஏழு பேருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பயிற்சியின் முதல் வாரத்திலேயே அந்தச் சொற்களை முடிவு செய்துவிடுவோம்.

எங்கள் அணியின் சிறந்த ரைடரை வாரத்தில் ஒரு நாள் வேண்டுமென்றே வெளியே உட்கார வைப்பேன். மற்ற ஆறு பேர் அவன் இல்லாமல் முழு ஆட்டம் ஆட வேண்டும். எதிரே பலமான அணியாக நிறுத்துவேன். முதலில் திணறுவார்கள். பிறகு, அதுவரை போனஸ் மட்டும் எடுத்துக்கொண்டிருந்த ஒல்லிப் பையன், புள்ளி எடுத்தே ஆக வேண்டிய டூ-ஆர்-டை ரைடுக்குத் தானாகப் போவான். மூன்றே பேர் மிச்சமிருக்கும்போது பிடித்தால் கூடுதல் புள்ளி தரும் சூப்பர் டேக்கிளுக்குக் காத்திருக்கும் பொறுமை வரும். வெளியே இருக்கும் நட்சத்திரமும் ஒன்றைக் கற்கிறான். தான் இல்லாதபோது இவர்கள் என்னவெல்லாம் செய்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்க்கிறான். அடுத்த நாள் அவன் கார்னருக்குக் கொடுக்கும் கை கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும்.

எங்கிருந்தாவது ஒரு நல்ல ஆட்டக்காரர் எங்களோடு சேர வந்தால் வாசலை அடைக்க மாட்டேன். நம்மைவிட நன்றாக ஆடுகிறவரிடம் கற்க நிறைய இருக்கிறது. ஆனால் போட்டிக்கு முந்தைய நாள் வந்தால் பெஞ்சில்தான். செயினில் நிற்க வேண்டுமென்றால் எங்கள் கார்னரின் மணிக்கட்டு அவருக்குப் பழக வேண்டும். அதற்கு நாளாகும். அந்தப் பொறுமை உள்ள கெஸ்ட் பிளேயர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிறகு கெஸ்ட்டாக இருப்பதில்லை.

கண்காட்சி ஆட்டம் என்றால் நானும் முதல் வரிசையில் உட்காருவேன். பெரிய ஆட்டக்காரர்கள் எல்லோரையும் ஒரே களத்தில் பார்ப்பது ஒரு திருவிழா. அந்தச் சந்தோஷத்தைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்கக் கூடாது. கோப்பைக்கு ஆடும்போது மட்டும் வேறு கணக்கு வேண்டும். அணி பொறுக்க உட்காருகிற இளைய நண்பர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் சிறந்த ஏழு பேரின் பெயரை எழுதுங்கள். பிறகு அதில் முதல் பெயரை அடித்துவிட்டு, மிச்சமுள்ள ஆறு பேர் அவரை எத்தனை ரைடுக்குள் உள்ளே கொண்டுவருவார்கள் என்று யோசியுங்கள். பதில் சொல்ல முடியாவிட்டால் பட்டியலைத் திருத்துங்கள். அடித்த பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சரி.